ஒதுங்க வைத்த வீடு

கரண்டு போனால்தான் அம்மா மூச்சு விடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

சோமனூர்ப் பக்கம் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடும் தறிக் குடோனும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். விசைத்தறிகள் ஓடுகிறவரை வீட்டில் யாரும் பேச முடியாது, கத்தத்தான் முடியும். கரண்டு போன நொடியில் அந்தச் சத்தம் அறுந்து விழும். காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். அதுவும் அடங்கிய பிறகு, அம்மாவின் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று கேட்கும். இழுக்கும்போது ஒரு சுருதி, விடும்போது இன்னொரு சுருதி. தெருவில் மற்றப் பிள்ளைகள் கரண்டு போனால் 'ஹோ' என்று கத்திக்கொண்டு விளையாட ஓடுவார்கள். நான் வீட்டுக்குள் ஓடுவேன்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படிப்பு போனதே என்னோடுதான். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் முன்கூடம், ஒரு படுக்கை அறை, ஒரு சமையல் அறை. ஆட்கள் நான்கு பேர். ஆனால் வீட்டில் குடியிருந்தது சாமான்கள்தான். கட்டிலுக்கு அடியில் கழிவு நூல் மூட்டைகள். மூலையில் நூல் தீர்ந்த காகிதக் கோன்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும். தறியில் குறுக்கே ஓடி உடைந்த நாடாக்கள், பல் போன சக்கரங்கள், ஒரு கால் இல்லாத நாற்காலி, அடி ஓட்டையான போசிப் பாத்திரம், உள்ளே ஒன்றும் இல்லாத ரேடியோப் பெட்டி. அம்மா பங்குக்கு பாலித்தீன் கவர்கள். அப்போதுதான் கடைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் கவர் தர ஆரம்பித்திருந்தார்கள். அதைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, மடித்து, ஒரு பெரிய கவருக்குள் எல்லாக் கவரையும் திணித்து வைப்பாள். இந்த எல்லாவற்றின்மேலும் குடோனிலிருந்து பறந்து வந்த பஞ்சு, நரைத்த முடியைப் போல.

எதைத் தூக்கிப் போடப் போனாலும் அப்பா ஒரே சொல்தான் சொல்வார்.

"ஆகும்."

எதற்கு ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. அக்கா மட்டும் ஒரு நாள் கேட்டாள்.

"இந்த ரேடியோப் பொட்டி எதுக்குங்கப்பா ஆகும்?"

"எதுக்காச்சும்."

"பாட்டுப் பாடுமுங்களா?"

"நீ வேணும்னா அதுக்குள்ள உக்காந்து பாடு, அம்மணி. வேண்டாங்கல."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. அப்பா எழுந்து குடோனுக்குள் போய்விட்டார். அவருக்குப் பார்க்கத் தைரியம் இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. இரக்கமில்லாத மனுஷர் என்றுதான் நினைத்தேன்.

தீபாவளி முடிந்து சில நாளில் காரமடையிலிருந்து மாமா தன் வேனில் வந்தார். அம்மாவுக்கு மூத்தவர். கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருந்தார்; அவர் வந்தால் வீடே கறிவேப்பிலை மணக்கும். அவர் ஆசாரத்தில் உட்கார்ந்து காப்பியை வாங்கிய நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. தறிகள் நின்றன. விசில் கேட்டது. மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். மாமா பேசியதில் 'ங்க' கூடிக்கொண்டே போயிற்று.

"ஏனுங் மாப்ள, நான் ஒண்ணு சொன்னா நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. தை பொறக்கறதுக்குள்ள இது மனுசங்க இருக்கற ஊடா ஆகோணுமுங்க. ஆகலீன்னு வைங்க, எந்தங்கச்சிய நான் கூட்டீட்டுப் போயிருவனுங்க. அப்பறம் கொண்டாந்து உடச்சொல்லி ஆரும் என்ற வாசல்ல வந்து நிக்கக் கூடாதுங்க."

"அவ்வளவு தூரத்துக்குப் போகாதுங்க மச்சான்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

காரமடையில் ஒரு குடும்பத்தில் இப்படிப் போன தங்கை திரும்பி வரவே இல்லை என்று மாமாதான் போன வருஷம் கதை சொல்லியிருந்தார். அதை நான் மறக்கவில்லை.

அந்த வாரமே கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் போனோம். சீட்டைப் படிக்க என்னையும் கூட்டிப் போனார்கள். டாக்டர் தெற்குச் சீமைக்காரர். அம்மாவின் முதுகில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் சின்ன பம்பு ஒன்றைக் கொடுத்தார்.

"மருந்து பாதிதான். மீதி உங்க வீட்டுல இருக்கு. அம்மா இனிமே தறிப் பக்கமே போகக் கூடாது. படுக்கிற எடத்துல தூசி தங்கவே கூடாது. வேண்டாத சாமான் என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் ஒதுக்கிடுங்க."

"ஒதுக்கிப்போடறனுங்க" என்றார் அப்பா, உறுதியாக.

வீட்டுக்கு வந்ததும் பொறுப்பை எடுத்துக்கொண்டது அக்கா. தறிக்கும் அவள்தான் போக வேண்டியிருந்தது, வீட்டுக்கும் அவள்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தால் அப்பா சண்டைக்கு வருவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சின்னச் சின்னதாக ஆரம்பித்தாள்.

முதலில் சீமாறு போயிற்று. கூட்டினால் தூசி எழும்பி அம்மா மூக்குக்குத்தான் போகிறது என்று, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். குடோன் வாசலில் ஒரு துண்டு தொங்கியது. அங்கிருந்து வருகிறவர் தலையையும் தோளையும் தட்டி, சட்டையை மாற்றாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அப்பா மறந்து நுழைந்தால் அக்கா கையை நீட்டித் தடுப்பாள். "தட்டீட்டு வாங்க." கடைக்கு மஞ்சள் பையும் எண்ணெய்க்குத் தூக்குப் போசியும் என் கையில் வந்தன. கவர் வாங்கி வந்தால் திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். கடைக்காரர் "என்ன கண்ணு, உங்கூட்டுல கவரு கடிக்குதா?" என்று கேட்டு எல்லோர் முன்னாலும் சிரிப்பார். விலை ஏறட்டும் என்று மாதக்கணக்கில் கிடந்த கழிவு நூலை வாராவாரம் விற்றுவிட வேண்டும். நூல் மூட்டை வரும் வண்டியிலேயே காலிக் கோன் திரும்பிப் போக வேண்டும். புதிதாக ஒரு சாமான் உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே தினமும் ஒன்று. ஏதாவது ஒன்று. காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது ஊர்க் கடைசிக் குப்பைமேட்டில் போட்டுவிட்டுப் போவேன்.

திங்கள்கிழமை போட்ட நாற்காலி புதன்கிழமை குடோனுக்குப் பின்னால் நின்றது. ஓட்டைப் போசி சமையலறை ஜன்னலுக்கு வெளியே செடியோடு வந்தது. ரேடியோப் பெட்டி வந்தபோது அதற்குள் ஆணிகள் இருந்தன.

"பாத்தியா? ஆயிருச்சு" என்றார் அப்பா.

அக்கா அழுதுவிட்டாள். "உங்களுக்கு அம்மா வேணுமா, பொட்டி வேணுமாங்கப்பா?"

அப்பாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். அன்று எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

மார்கழி பாதிக்கு மேல் போய்விட்டது. அம்மாவுக்குக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சாமானில் கால்வாசிகூடக் குறையவில்லை. மாமா சொன்ன தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெரு முனையிலேயே நின்று, வாசலில் மாமாவின் வேன் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கம் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும் பூளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வீட்டுக் கூரை விளிம்பான எறவாணத்தில் செருகுவது. அதற்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். அந்த வாரம் அப்பாவாகவே, "நீங்க மூணு பேரும் செட்டாப் போய் டாக்டரப் பாத்துட்டு, அப்படியே துணி எடுத்துட்டு வாங்க. ஊட்ட நான் பாத்துக்கறேன்" என்றார்.

சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தேன். சுவர் வெள்ளை வெளேர் என்று இருந்தது. கட்டிலுக்கு அடியில் தரை தெரிந்தது. மூலைகள் நான்கும் தெரிந்தன. எங்கள் வீட்டுக்கு நான்கு மூலை உண்டு என்பதையே அன்றுதான் பார்த்தேன். என் குரல் எதிரொலித்தது.

"எல்லாம் எங்கீங்க?" என்றாள் அம்மா.

"டாக்டரு சொன்னாப்பிடி ஒதுக்கிப்போட்டேன்."

அவர் கையெல்லாம் சுண்ணாம்பில் வெந்து போயிருந்தது. முகத்தில் ஒரு சிறுபிள்ளைப் பெருமை. அக்கா ஓடிப்போய் அவர் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

பொங்கலன்று மாமா வந்தார். அறைக்கு அறை போய்ப் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். வெளியே வந்து அப்பாவின் தோளில் கை போட்டு, "ஏப்பா மாப்ள, ஒரு வாய்க் காப்பி போடச்சொல்லு" என்றார். 'ங்க' போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போயிற்று.

அவள் குடோன் பக்கமே போகவில்லை. வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அப்படியும் மத்தியானம் கொஞ்சம் சாய்ந்தால் உடனே இளைப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, தோள் ஏறி இறங்க, வாயைத் திறந்தபடி இருப்பாள். பம்பை இரண்டு முறை, மூன்று முறை அழுத்துவாள். உதடு நிறம் மாறும். பேச முடியாமல், பயப்படாதே என்று எனக்குக் கையைக் காட்டுவாள்.

சுண்ணாம்பு நெடி என்றார் அப்பா. மார்கழிப் பனி இன்னும் போகவில்லை என்றார்கள் பக்கத்து வீட்டில். அக்கா ஒரு நாள் எறவாணத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பூளைப்பூ காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சட்டென்று ஸ்டூலைப் போட்டு ஏறி, காப்பைப் பிடுங்கக் கையை வைத்துவிட்டாள்.

"கண்ணு, வேண்டாம்." அம்மாவுக்கு அதைச் சொல்லவே இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "கட்டுன காப்பக் கழட்டாதே. அது ஒண்ணும்... பண்ணாது."

"அப்ப எதுதாம்மா பண்ணுது?" அக்கா கத்தினாள். தறிச் சத்தத்துக்காகக் கத்தியது இல்லை அது.

பதில் அம்மாவின் தலையிலேயே இருந்தது. அடுத்த நாள் மத்தியானம் அக்கா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றுவிட்டது. மயிரில் பஞ்சு. தறியில் நிற்கிறவர் தலையில் ஒட்டுகிற அதே பஞ்சு.

"அம்மா, குடோனுக்குப் போனியா?"

"இல்லீயே."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம்.

கூரையில் கண்ணாடி ஓடு ஒன்று உண்டு. அதன் வழியாக வெயில் ஒரு கம்பமாகச் சாய்ந்து கட்டில்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பத்துக்குள் பஞ்சு மெதுவாக, ஓயாமல், மழைத் தூறல் மாதிரி இறங்கியது. கட்டிலுக்கு நேர் மேலே அட்டாலி. சாமான் வைக்கப் பலகை அடித்த பரண். அதன் ஒரு முனை குடோன் சுவரில்தான் நின்றது. தறி அடிக்கிற ஒவ்வோர் அடிக்கும் சுவர் அதிர்ந்தது, பலகை அதிர்ந்தது, பலகை இடுக்கு வழியாகப் பஞ்சு கொட்டியது.

அக்கா ஏணியை வைத்து ஏறினாள். மேலே தொங்கிய சாக்குத் திரையை விலக்கினாள். எல்லாமே அங்கே இருந்தன. கழிவு நூல் மூட்டைகள், கோன்கள், சக்கரங்கள், மூன்று கால் நாற்காலி, அம்மாவின் கவர் மூட்டைகூட. கடையில் அடுக்கின மாதிரி அவ்வளவு ஒழுங்காக.

எங்கள் பக்கத்தில் 'ஒதுக்கு', 'ஒதுங்க வை' என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். விருந்தாளி வந்தால், ஒறம்பரை வருகிறது, ஊட்ட ஒதுங்க வெய்யி என்பார்கள். கண்ணுக்குப் படாத இடத்தில் எடுத்து வை என்று அர்த்தம். டாக்டர் ஊரில் அந்தச் சொல்லுக்கு விட்டுத் தொலை என்று அர்த்தமாக இருந்திருக்கலாம். அப்பா தன் காதுக்குக் கேட்டதைத் தன் தமிழில் செய்தார். ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் ஆசாரத்தில் இருந்த தன் கட்டிலுக்கு மேலே அடுக்கியிருப்பார், அம்மா கட்டிலுக்கு மேலே இல்லை. இதை யோசிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு யார் யோசித்தோம்? அக்கா முனைக்கடை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்க் காரமடைக்குப் போன் போட்டாள். பொழுது சாயும் முன் வேன் வாசலில் நின்றது.

மாமா அட்டாலியை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாச் செஞ்சீங்க மாப்ளைங்க. ரொம்ப நல்லாச் செஞ்சீங்க."

"டாக்டரு ஒதுக்கச் சொன்னாருங்க மச்சான். ஒதுக்குனேன்." அப்பா வெள்ளைச் சுவரைக் காட்டினார். "நீங்களே பாத்தீங்கல்லங்க? ஊடு சுத்தமா இருந்துச்சல்லங்க?"

"இருந்துச்சுங்க. எந்தங்கச்சிதானுங்க இல்லாமப் போயிருப்பா."

அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கொடியிலிருந்து இரண்டு சேலையை உருவி, கடைக்குப் போகும் மஞ்சள் பையிலேயே போட்டுக்கொண்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்தேன். அவள் விரலால் என் பிடியைப் பிரித்தாள், மெதுவாக.

வேனில் ஏறுவதற்கு முன் அப்பாவிடம் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"நான் கோவிச்சுட்டுப் போகலீங்க. அட்டாலி காலியானா... ஒரு போன் போடுங்க. வாரேன்."

காலியாகாவிட்டால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அப்பா ஏணியில் ஏறி ஒரு பல்சக்கரத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் இறங்கவே இல்லை. தறி ஓடவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதும் அப்படியே நின்றார். அவருடைய முதல் தறியைப் பழைய இரும்புக் கடைகளில் ஒவ்வோர் உறுப்பாகப் பொறுக்கிச் சேர்த்துத்தான் ஓட்டினார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாரோ வேண்டாம் என்று போட்டதில் எழுந்த வீடு எங்களுடையது. அந்தக் கையிடம்தான் தூக்கிப் போடு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்கா ஏணிக்குக் கீழே வந்து நின்றாள். அழுதழுது அவளுக்குக் குரல் போயிருந்தது.

"போட வேண்டாங்கப்பா. அது ஆருக்கு ஆகும்னு மட்டும் சொல்லுங்க. கொண்டு போய்க் குடுத்துட்டு வாரேன்."

அப்பா சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுத்த வளவுல புதுசாத் தறி போட்டிருக்காங்கல்ல? அவியளுக்குப் பல்லு வெச்சுக்கிட்டா ஆகும்."

அன்று அந்தச் சக்கரம் போயிற்று. எதிர் வளவுக்காரர் கும்பிட்டு வாங்கிக்கொண்டாராம். அதை அக்கா வந்து சொன்னபோது அப்பா இறங்கி வந்து கஞ்சி குடித்தார். அடுத்த நாள் நாடாக்கள் போயின. நாற்காலிக்குக் கால் வைத்து முடிதிருத்தும் கடைக்குக் கொடுத்தார். தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. போட வராத கை, கொடுக்க வந்தது. நூலும் கோனும் வண்டியில் போயின. யாருக்கும் ஆகாதது என்று அவரே ஒப்புக்கொண்டது கொஞ்சம்தான். அதைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போகும்போது அப்பா குடோனுக்குள் போய்விட்டார்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் காரமடைக்குப் பஸ்ஸில் போனோம். அம்மா தோட்டத்தில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்து, கன்னம் நிரம்பி இருந்தாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இங்கே இவ்வளவு நன்றாக இருக்கிறவள் எதற்காகத் திரும்பி வர வேண்டும்? திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மாசி பிறந்து அட்டாலி காலியானது. அப்பாவே பூத்துக்குப் போய்ப் போன் போட்டார். அம்மா போனுக்கு வரவில்லை, மாமாதான் பேசினார். "வந்து பாக்கறமுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

வேன் வந்தது. மாமா முன்னால் இறங்கினார். அம்மா மஞ்சள் பையோடு பின்னால் இறங்கினாள். பையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்த்தேன். திரும்பிப் போவதற்கென்று ஒரு சேலையை அங்கேயே விட்டு வந்திருக்கிறாளோ என்று. அப்பா குடோனில் தறிகளை நிறுத்திவிட்டு, தலையைத் தட்டி, சட்டை மாற்றி, வாசலில் நின்றார்.

அம்மா நேராகப் படுக்கை அறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

அட்டாலியே இல்லை. ஓடு தெரிந்தது. சுவரில் பலகை நின்ற இடத்தில் புதுச் சுண்ணாம்பு. வைக்க இடம் இருந்தால் கை வைத்துவிடும் என்று பயந்து, முந்தின நாள் அப்பாவே பலகையைப் பிரித்துவிட்டார்.

மாமா சுவரைத் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "பலகையெல்லாம் எங்கீங்க?"

அப்பா துண்டைத் தோள் மாற்றிப் போட்டார்.

"எங்கீங்கன்னு கேட்டேன்."

"நல்ல வேப்பம் பலகை, புள்ள. உளுக்கவே உளுக்காது..."

"அது சரீங்க. எங்க?"

"கட்டிலுக்கடீல." அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "உன்ற கட்டிலு இல்ல. என்ற கட்டிலு."

முதலில் மாமாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்து முடியாமல் வாசலுக்குப் போனார். அம்மா உதட்டைக் கடித்தாள். பிறகு அவளும் ஆரம்பித்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்கா தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்துவிட்டாள். நான் பம்பைத் தேடி மஞ்சள் பைக்குள் கையை விட்டேன். அப்பா அவள் தோளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா சிரித்து முடித்தாள். நிமிர்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்து, ஒரு நீள மூச்சு இழுத்து, விட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

"என்ன, எல்லாரும் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள். "ஒலைய வெய்யி, அம்மணி. அண்ணன் சாப்புட்டுட்டுத் தனியாப் போகோணுமல்ல?"